புகார் வரவில்லையாம்!

"எமக்குப் புகார் எதுவும் வரவில்லை."

அலுவலகங்களிலே அன்றாடம் ஒலிக்கும் பல்லவி இது. சாக்கடை வழிகிறதே என்றால், புகார் வரவில்லை. குழாயிலே தண்ணீர் இல்லையே என்றால், புகார் வரவில்லை. போகட்டும், சாக்கடை ஓரத்திலே குடியிருப்பவனுக்கு வாய் இருக்கிறது. இன்று பொறுத்துக்கொண்டவன் நாளை மனு எழுதுவான். மனுவுக்கு மதிப்பில்லை என்றால் மறியல் செய்வான். பல்லவி பாடிய அதிகாரி பதறி எழுந்து வருவார்.

மனு எழுத முடியாதவன் என்ன செய்வான்? தன்னை அடித்தவன் பெயரைச் சொல்ல நா எழாதவன், சொன்னாலும் "அவனுக்கு என்ன தெரியும்" என்று ஒதுக்கப்படுகிறவன், அடித்தவன் கையாலேயே அடுத்த வேளைச் சோற்றையும் உண்ண வேண்டியவன், இவனைப் பற்றியும் அதே பல்லவியைப் பாடினால் அதை நிர்வாகம் என்பதா, நெஞ்சழுத்தம் என்பதா?

ஆட்டிசம் உடைய மக்களைப் பற்றித்தான் சொல்கிறோம். மதியிறுக்கம் என்று தமிழில் எழுதுகிறார்கள். அது தொற்றும் நோயன்று, வளர்ப்பின் குற்றமன்று, மூளை வளரும் வகையிலே பிறவியில் அமைந்த வேறுபாடு. அவர்களிலே பேசாதவர் உண்டு. ஓயாமல் பேசுபவரும் உண்டு. பட்டம் பெற்றுப் பணிபுரிபவர் உண்டு. பல் துலக்கவும் துணை வேண்டுபவர் உண்டு. ஒலியும் ஒளியும் தொடுதலும் நமக்குப் படுவதைவிட மிகையாகவோ குறைவாகவோ அவர்களுக்குப் படும். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது சிலருக்கு இயலாது. வேறுபாடு இவைபோன்றவைதாம். மானம் ஒன்றுதான், அஞ்சும் நெஞ்சமும் ஒன்றுதான்.

இவர்கள் அடிக்கப்படுகிறார்கள், கட்டப்படுகிறார்கள், இழிவுபடுத்தப்படுகிறார்கள், கற்பனைக்கும் கூசும் கொடுமைக்கு ஆளாகிறார்கள். பல நாடுகளிலே இது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. எனினும் புகார் ஏடுகள் வெறுமையாகவே இருக்கின்றன. அந்த வெறுமை நல்லாட்சிக்குச் சான்று என்று நினைத்து ஏமாறக்கூடாது. புகார் பிறக்கும் வழிகள் எல்லாம் அடைக்கப்பட்ட இடத்திலே புகார் எப்படிப் பிறக்கும்? அடைத்தது யார், எப்படி என்பதைத்தான் இன்று ஆராய விரும்புகிறோம்.

பெயர் மருத்துவமனை

பிரிட்டனிலே பிரிஸ்டல் நகரை அடுத்து ஹேம்புரூக் என்னும் இடம். அங்கே வின்டர்போர்ன் வியூ என்றொரு தனியார் மருத்துவமனை இருந்தது. படுக்கைகள் 24. ஆட்டிசமும் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடும் உடைய பெரியவர்களை அங்கே சேர்த்தார்கள். ஒருவரைப் பராமரிக்க வாரத்துக்குச் சராசரி 3,500 பவுன் கட்டணம். கொடுத்தது மக்களின் வரிப்பணம்.

2011ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சியின் 'பனோரமா' நிகழ்ச்சி அந்த மருத்துவமனையின் உள்ளே நடந்ததை உலகுக்குக் காட்டிற்று. செய்தியாளர் ஒருவர் அங்கே ஊழியராகச் சேர்ந்து, மறைவான ஒளிப்படக் கருவியோடு ஐந்து வாரங்கள் பணிபுரிந்தார். படத்திலே கண்டது என்ன? ஊழியர்கள் நோயாளிகளை அறைகிறார்கள். தரையிலே தள்ளி நாற்காலிக்கு அடியிலே அழுத்துகிறார்கள். உடையோடு குளியலறையிலே தள்ளி நீரைத் திறந்துவிடுகிறார்கள். அழுதால் சிரிக்கிறார்கள். பொழுது போகவில்லை, அதற்கு ஒரு விளையாட்டு!

இது திடீரென்று வெளிப்பட்டதா என்றால், இல்லை. அங்கே மூத்த செவிலியராக இருந்த டெர்ரி பிரையன் என்பவர் 2010 அக்டோபரிலேயே மேலாளர்களுக்கு எழுதினார். பயன் இல்லை. நாட்டின் மருத்துவமனைகளையும் காப்பகங்களையும் கண்காணிக்கும் ஆணையத்துக்கு எழுதினார். பயன் இல்லை. அதற்குப் பிறகே அவர் தொலைக்காட்சிக்காரர்களை நாடினார். ஆக, வராத புகாரன்று அது. வந்தும் வரவு வைக்கப்படாத புகார்.

2012இல் வெளியான விசாரணை அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. அந்த மருத்துவமனையைப் பற்றி உள்ளூராட்சி மன்றத்துக்குச் சில ஆண்டுகளுக்குள் 40 எச்சரிக்கைகள் போயிருந்தன. காவல்துறைக்கு 29 நிகழ்ச்சிகள் தெரிந்திருந்தன. அடிபட்டோ உடல் நலிந்தோ நோயாளிகள் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு எழுபது தடவைக்கு மேல் கொண்டு செல்லப்பட்டிருந்தார்கள். நோயாளிகளைப் பலர் சேர்ந்து பிடித்து அழுத்தி வைத்ததாக மருத்துவமனையின் ஏட்டிலேயே 2010இல் 379 பதிவுகள். 2011இன் முதல் மூன்று மாதங்களிலே மட்டும் 129 பதிவுகள். இருபத்து நான்கு பேர் இருக்கத்தக்க ஓர் இல்லத்திலே, நாளுக்கு ஒரு தடவைக்கு மேல்!

மன்றத்திலே ஒரு துண்டுத் தாள். காவல் நிலையத்திலே ஒரு துண்டுத் தாள். அவசரப் பிரிவிலே ஒரு துண்டுத் தாள். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு மேசை இல்லை. ஒவ்வொரு துண்டையும் ஒரு தனி நிகழ்ச்சியாகக் கருதி, விளக்கம் கேட்டு, விளக்கம் பெற்று, கோப்பை மூடினார்கள். விளக்கம் கொடுத்தது யார்? அந்த மருத்துவமனைதான்!

படம் வெளிவந்ததும் அடுத்த மாதமே மருத்துவமனை மூடப்பட்டது. 11 ஊழியர்கள் மீது 38 குற்றச்சாட்டுகள். 2012 அக்டோபரிலே ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். ஐவருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை. நாடெங்கும் கண்டனம், நாடாளுமன்றத்திலே வாக்குறுதி, இனி இப்படி நடவாது என்ற உறுதிமொழி.

நடந்தது! 2019 மே மாதத்திலே அதே 'பனோரமா' இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்திலிருந்த வோர்ல்டன் ஹால் என்னும் மருத்துவமனையைக் காட்டிற்று. அங்கும் ஆட்டிசம் உடையோரும் அறிவுசார் குறைபாடு உடையோருமே நோயாளிகள். கண்காணிப்பு ஆணையத்தின் ஏட்டிலே அந்த இல்லத்துக்கு வழங்கப்பட்டிருந்த மதிப்பு என்ன தெரியுமா? "நன்று." 2015இலேயே ஆணையத்தின் ஆய்வாளர் ஒருவர் அந்த இல்லத்தைப் பற்றிக் கவலை தெரிவித்து எழுதிய அறிக்கை வெளியிடப்படாமலேயே கிடந்தது என்பதும் பிறகு தெரிய வந்தது.

வோர்ல்டன் ஹாலிலே நடந்த ஒரு கொடுமையைக் குறிப்பிட வேண்டும். ஆண்களைக் கண்டால் அஞ்சும் பெண் ஒருவர் அங்கே இருந்தார். அவரை அடக்க ஊழியர்கள் கண்ட வழி, "ஆண்களை அனுப்புவோம்" என்று மிரட்டுவது. உடலிலே காயம் இல்லை, தழும்பு இல்லை, மருத்துவச் சான்றிதழுக்கு வேலை இல்லை. பேரொலி கேட்டால் துடிப்பவனுக்குப் பேரொலி, தொட்டால் பதறுபவனைத் தொட்டுக்கொண்டே இருப்பது, வழக்கமான தட்டு மாறினால் உண்ணாதவனுக்குத் தட்டை மாற்றுவது என்று ஆட்டிசம் உடையவரை வதைக்கத் தடி தேவையில்லை. அவரை அறிந்தவனாக இருந்தால் போதும். காப்பதற்குக் கற்ற அறிவே கடிப்பதற்குப் பல்லாகிறது. இத்தகைய வதையை எந்த ஏட்டிலே எழுதுவார்கள்?

அந்த வழக்கிலே நால்வர் 2023இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2024 ஜனவரியிலே தண்டனை வந்தது. நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனைதான். எவரும் சிறை புகவில்லை.

சிகிச்சை என்னும் முகமூடி

மறைத்து வதைப்பது ஒரு வகை. பெயரை மாற்றி வதைப்பது மற்றொரு வகை. அதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்டன் நகரிலே ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையம் என்றொரு விடுதிப் பள்ளி. ஆட்டிசம் முதலிய குறைபாடுகள் உடையோரின் நடத்தையைத் திருத்துவதாகச் சொல்லி, அவர்களுடைய உடலிலே மின்முனைகளைக் கட்டி, தொலைவிலிருந்து பொத்தானை அழுத்தி மின்னதிர்ச்சி கொடுக்கும் முறையை அங்கே 1990களின் தொடக்கத்திலே கொண்டுவந்தார்கள். பெற்றோர் ஒப்புதல் உண்டு. வழக்குமன்ற அனுமதி உண்டு. வேளைக்கு வேளை பதிவேடும் உண்டு. அத்தனையும் சிகிச்சை!

2002ஆம் ஆண்டு, 18 வயது இளைஞர் ஒருவர் மேல்சட்டையைக் கழற்றச் சொன்னபோது மறுத்தார். அதற்காக அவரைக் குப்புறக் கிடத்திக் கைகால்களைக் கட்டிப் பல மணி நேரம் வைத்து 31 தடவை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். விடுதியின் காமிராவே அதைப் படம் எடுத்தது. அந்தப் படம் வெளியுலகுக்கு வந்தது எப்போது? தாயார் தொடுத்த வழக்கிலே 2012ஆம் ஆண்டு. பத்தாண்டுகள் ஒரு படம் பெட்டிக்குள் இருந்தது!

2007இல் இன்னொரு கூத்து. அதே நிறுவனத்தின் விடுதி ஒன்றுக்கு இரவிலே தொலைபேசி அழைப்பு வந்தது. மேலதிகாரி பேசுவதாகச் சொல்லி எவனோ ஒருவன் பேசினான். இருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னான். கொடுத்தார்கள். ஒருவருக்கு 77 தடவை. மற்றவருக்கு 29 தடவை. பேசியவன் ஏமாற்றுக்காரன் என்பது பிறகே தெரிந்தது. ஊழியர்கள் ஏன் ஐயுறவில்லை? கொடுமை அங்கே வாடிக்கையாகிவிட்டது. வாடிக்கையாகிவிட்ட ஒன்றைப் பற்றி எவனும் புகார் எழுதுவதில்லை. அந்த இரவின் படச்சுருள்கள் அழிக்கப்பட்ட விவகாரத்திலே மையத்தை நிறுவியவர் மீதே குற்றச்சாட்டு வந்து, 2011இல் அவர் பதவி விலகினார்.

ஐக்கிய நாடுகள் அவையின் சித்திரவதை தடுப்புச் சிறப்பு அறிக்கையாளர் 2013இல் இம்முறையைக் கண்டித்தார். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் தடை போட்டது. 2021இல் மேல்முறையீட்டு வழக்குமன்றம் அதை நீக்கிற்று. 2022 இறுதியிலே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதிகாரத்தை உறுதி செய்தது. 2024இல் தடையை மீண்டும் முன்மொழிந்தார்கள். ஒரு சிறைக் கைதிக்கு இப்படி மின்னதிர்ச்சி கொடுத்திருந்தால் உலகம் அதைச் சித்திரவதை என்று ஒரே நாளில் சொல்லியிருக்கும். ஆட்டிசம் உடையவருக்குக் கொடுத்தால் மட்டும் அது சிகிச்சையா, அன்றா என்று பல்லாண்டுக்கால வழக்கு! பெயர் மாறினால் குற்றம் மறைகிறது. குற்றம் மறைந்தால் புகார் எங்கே?

வாய் ஏன் திறக்கவில்லை?

"சரி, பாதிக்கப்பட்டவர் சொல்லலாமே" என்பார்கள். சொல்லவிடாமல் நாம் வைத்திருக்கும் பூட்டுகளை எண்ணிப் பார்ப்போம்.

முதல் பூட்டு, சொல் இன்மை. பேசாத பிள்ளைகளுக்குப் படப் பலகை தருகிறார்கள், கருவி தருகிறார்கள். நல்ல முயற்சி. பலகையிலே என்ன படங்கள்? சோறு, தண்ணீர், கழிப்பறை, பந்து, ஊஞ்சல். 'அடித்தார்' என்ற படம் உண்டா? மறைவுறுப்புகளின் பெயர் உண்டா? 'எனக்குப் பயம்' என்று சுட்ட ஓர் இடம் உண்டா? இல்லாத சொல்லை எந்த விரல் தொட்டுக் காட்டும்?

இரண்டாவது பூட்டு, பயிற்சி. காலை முதல் மாலை வரை அந்தப் பிள்ளை கற்கும் பாடம் 'சொன்னபடி கேள்' என்பது. உட்கார் என்றால் உட்கார வேண்டும். கையைக் கொடு என்றால் கொடுக்க வேண்டும். கட்டிப்பிடி என்றால் கட்டிப்பிடிக்க வேண்டும். 'மாட்டேன்' என்றால் பிடிவாதம் என்று குறிப்பேட்டிலே எழுதுகிறார்கள். தன் உடம்பு தனக்கே உரியது என்பதைக் கற்பிக்காமல் பத்தாண்டு பழக்கியபின், தீயவன் தொடும்போது மட்டும் அது மறுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

மூன்றாவது பூட்டு, அடையாளத்தைப் பிழையாகப் படிப்பது. பிள்ளை பள்ளி வாசலைக் கண்டதும் அலறுகிறான். இரவிலே உறங்கவில்லை. தலையைச் சுவரிலே மோதுகிறான். கற்றிருந்த சொற்களையும் இழக்கிறான். வேறு எந்தப் பிள்ளை இப்படிச் செய்தாலும் "யாரடா உன்னை என்ன செய்தார்கள்?" என்று கேட்போம். ஆட்டிசம் உடைய பிள்ளை என்றால், "ஆட்டிசம் அப்படித்தான்" என்கிறோம். கையிலே கன்றிப்போன தழும்பு இருந்தால், "தானே கடித்துக்கொண்டான்" என்கிறார்கள். சில பிள்ளைகள் அப்படிச் செய்வதுண்டு என்பதால் அந்த விளக்கம் எப்போதும் கைகொடுக்கிறது. அந்தப் பிள்ளையின் புகார் மனு அலறலிலே எழுதப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரியாதவர்கள் நாம்.

நான்காவது பூட்டு, நடந்ததற்குப் பெயர் தெரியாமை. பேசவும் எழுதவும் வல்லவர்களுக்கும் இந்தப் பூட்டு உண்டு. பிரான்ஸ் நாட்டிலே ஆட்டிசம் உடைய பெண்கள் 225 பேரிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானதுண்டா என்று பொதுவாகக் கேட்டபோது ஆம் என்றோர் நூற்றுக்கு 68.9. இன்னின்ன செயல் உங்களுக்கு நடந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது 88.4, அதாவது 199 பேர்! அவர்களிலே பெரும்பாலோர் புகார் கொடுத்ததும் இல்லை, சிகிச்சை பெற்றதும் இல்லை. 44 பேர் வெளியே சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. இது முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு. நாடு முழுவதற்குமான கணக்காக இதைக் கொள்ளக்கூடாது. ஆனால் கேள்வியின் வடிவம் மாறினாலே மறைந்திருந்த குற்றம் வெளிவருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐந்தாவது பூட்டு, நம்பாமை. காவல் நிலையத்திலே கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய்யன். குரலிலே ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்பவன் ஒப்பிக்கிறான். கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்பவன் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறான். இப்படித்தானே நாம் சாட்சிகளை எடை போட்டுப் பழகியிருக்கிறோம்? ஆட்டிசம் உடைய பலரின் இயல்பே இவைதாம். "அவர் உன்னை அடித்தாரா?" என்று கேட்டால் "இல்லை" என்பான். கோப்பு மூடப்படும். அவனை அவர் அடிக்கவில்லை, உதைத்தார். உதைத்தாரா என்று எவரும் கேட்கவில்லை!

தாயின் வாயை அடைத்தவர்கள்

பெற்றோர் பேசலாமே என்றால், அவர்கள் வாயையும் அடைத்து வைத்திருக்கிறோம்.

ஆட்டிசத்தை 1943இல் மருத்துவ ஏட்டிலே விவரித்தவர் அமெரிக்காவிலே பணிபுரிந்த லியோ கேனர். அதற்குப் பின் ஒரு கொடிய கருத்து பரவிற்று. தாய் அன்பு காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்றார்கள். சிகாகோவிலே குழந்தைகள் விடுதியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு நூலே எழுதி அக்கருத்தை நாட்டினார். அதற்கு முன்பே, 1964இல், ஆட்டிசம் உடைய மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் அது உயிரியல் காரணத்தால் வருவது என்று வாதாடி நூல் எழுதியிருந்தார். ஆனால் ஊர் கேட்டது யாரை? தாயைக் குற்றம் சாட்டியவரைத்தான்! பெட்டல்ஹைம் 1990இல் மறைந்த பிறகு, அவருடைய விடுதியிலே வளர்ந்தவர்கள் சிலர், அவர் தங்களை அடித்ததாக வெளிப்படையாகச் சொன்னார்கள். தாயைக் கொடியவள் என்று உலகெங்கும் முழங்கியபோது, தன் விடுதிப் பிள்ளைகளின் குரல் மட்டும் வெளியே வரவில்லை.

அந்தக் கருத்தை அறிவியல் என்றோ குப்பையிலே போட்டுவிட்டது. அதன் நாற்றம் மட்டும் போகவில்லை. "நீ சரியாக வளர்க்கவில்லை", "முன்வினைப் பயன்", "குடும்பத்துக்குச் சாபம்" என்று நம் ஊரிலே இன்றும் சொல்லக் கேட்கிறோம். முன்வினை என்று பழி சொல்லும் மூடநம்பிக்கைக்கும், அடித்தவனைத் தப்பவிடும் அநீதிக்கும் உறவு உண்டு. வினை என்று ஒப்புக்கொண்டுவிட்டால் விசாரணை எதற்கு?

மற்றொரு அச்சமும் உண்டு. பல பள்ளிகள் மறுத்தபின் ஒரு பள்ளி பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கே தழும்போடு பிள்ளை வீடு திரும்பினால், தாய் கேட்கத் துணிவாளா? கேட்டால், "வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா" என்பார்கள். வேறிடம் எங்கே? அவள் வேலைக்குப் போக வேண்டும். அடுப்பு எரிய வேண்டும். வாய் மூடுகிறாள். கொடுமை செய்பவன் வீட்டுக்குள்ளேயே, உறவினனாகவே இருந்தால் அந்த வாய் இன்னும் இறுக மூடிக்கொள்கிறது. இதை அவளுடைய குற்றம் என்போமா? மாற்றிடம் தராத சமுதாயத்தின் குற்றம் என்போமா?

நம் வீட்டுக் கணக்கு

பிரிட்டனையும் அமெரிக்காவையும் சொன்னோம் என்பதால் நம் நாடு தூய்மையானது என்று எவரும் மார்தட்ட வேண்டாம். அங்கே படம் எடுத்தார்கள், விசாரித்தார்கள், எண்ணினார்கள். இங்கே எண்ணவே இல்லை.

1995ஆம் ஆண்டு இந்திய ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலிலே ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலே பெயர் வந்தது. 2011 மக்கள் கணக்கெடுப்பு நாட்டிலே 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் என்றது. அதிலே ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் இல்லை. ஆண்டுதோறும் வெளிவரும் குற்றப் புள்ளிவிவர ஏட்டிலே பெண்கள், குழந்தைகள், முதியோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான குற்றங்களுக்குத் தனித்தனி அத்தியாயம் கண்டிருக்கிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கு அப்படி ஓர் அத்தியாயம் கண்டதில்லை. எண்ணாத குற்றம் இல்லாத குற்றமாகிவிடுகிறது.

ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலே மனநல விடுதி ஒன்றிலே தீப்பிடித்தது. சங்கிலியிலே பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்கள் மனநோயாளர்கள் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள். ஆட்டிசம் வேறு, மனநோய் வேறு. ஆனால் பாடம் பொது. சங்கிலி அதற்கு முன்னும் அங்கே இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள். சங்கிலி செய்தியாகவில்லை. தீ வந்த பிறகே செய்தியாயிற்று.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஆட்டிசம் அதன் பட்டியலிலே உண்டு. அதன் 7ஆவது பிரிவு, கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் உடைய எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம் என்கிறது. 92ஆவது பிரிவு, தாக்கினாலும், பலர் அறிய இழிவுபடுத்தினாலும், பொறுப்பிலே வைத்திருப்பவன் வேண்டுமென்றே உணவு மறுத்தாலும் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. குழந்தையாக இருந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றத்தை அறிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். பேச இயலாதவர் எழுத்தாலோ சைகையாலோ சாட்சி சொல்லலாம் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே சொல்லிற்று. சிறப்பாசிரியர் துணையோடு, ஒளிப்பதிவு செய்து, அந்த வாக்குமூலத்தைப் பெற வேண்டும் என்று பின்னர் சேர்த்தார்கள். 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது இருக்கிறது.

இத்தனை சட்டம் இருந்தும் டில்லி ஆட்சியின் மனம் எப்படி இருந்தது என்பதை 2020 ஜூலை காட்டிற்று. கொரோனாவிலே நாடு தத்தளித்த நேரம். அப்போது ஒன்றிய அரசு, 92ஆவது பிரிவிலே பலர் அறிய இழிவுபடுத்தும் குற்றத்தைப் பணம் கட்டிச் சமாதானம் செய்துகொள்ளத் தக்கதாக மாற்ற முன்மொழிந்தது. காரணம், தொழில் முதலீட்டுக்கு வசதியாம்! மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் நாடெங்கும் கொதித்தெழுந்தன. சில நாட்களிலே முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. குரல் எழுப்பினால் ஆட்சி பின்வாங்கும் என்பதற்கு அது சான்று. குரல் எழுப்ப இயலாதவர் தனித்து விடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதுவே சான்று.

தமிழ்நாடு இத்துறையிலே முன்னோடி என்பதை மகிழ்வோடு சொல்கிறோம். மாற்றுத்திறனாளி என்ற மதிப்புள்ள சொல்லை நாட்டிலே ஊன்றியதும், 2010இல் தனித்துறை கண்டதும் கலைஞர் ஆட்சி. உள்ளாட்சி மன்றங்களிலே மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்தும் திருத்தங்கள் 2025 ஏப்ரலிலே நம் சட்டமன்றத்திலே நிறைவேறின. பெருமைதான். ஆனால் பெருமை பேசி உறங்கிவிடலாகாது. ஆட்டிசத்தை நம் அரசு ஏடுகளிலே இன்னும் 'புற உலகச் சிந்தனையற்ற' என்ற அடைமொழியோடு எழுதுவதைக் காண்கிறோம். சிந்தனையற்றவர் என்று முத்திரை குத்தியபின், அவர் சொல்லும் சாட்சியத்தை எந்தக் காவலர் எழுதிக்கொள்வார்? சொல்லின் வலிமையை உணர்ந்த இயக்கம் இந்தச் சொல்லையும் மாற்ற வேண்டும்.

செய்ய வேண்டியது

நாம் வேண்டுவன பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

காப்பகங்களுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் முன்னறிவிப்பின்றிச் செல்லும் குழு வேண்டும். அதிலே ஆட்டிசம் உடைய பெரியவர்களும் பெற்றோரும் இடம்பெற வேண்டும். உள்ளாட்சியின் நியமன உறுப்பினர்களுக்கு அந்தக் கடமையைக் கொடுக்கலாம். ஊழியர் உடன் இல்லாமல் அங்கிருப்போரைச் சந்திக்க வேண்டும்.

காயம், கட்டிவைத்தல், அடக்கும் மருந்து ஆகிய மூன்றையும் எழுதும் ஏட்டின் படி மாதந்தோறும் மாவட்ட அலுவலகத்துக்கும் பெற்றோருக்கும் போக வேண்டும். மருத்துவமனையின் காயப் பதிவும் காவல் நிலையத் தகவலும் அதே மேசைக்கு வர வேண்டும். வின்டர்போர்ன் வியூவிலே இல்லாமற்போனது அந்த மேசைதான்.

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அழைத்தவுடன் வரத்தக்க சிறப்பாசிரியர்களின் பட்டியல் தொங்க வேண்டும். ஒவ்வொரு படப் பலகையிலும் 'வேண்டாம்', 'அடித்தார்', 'தொட்டார்', 'பயம்' என்ற சொற்கள் ஏற வேண்டும். உண்மையைச் சொன்ன ஊழியருக்கு வேலை போகாது என்ற பாதுகாப்பு வேண்டும். புகார் கொடுத்த பெற்றோரின் பிள்ளைக்கு மாற்றிடம் உண்டு என்ற உறுதி வேண்டும். குற்றப் புள்ளிவிவரத்திலே தனி அத்தியாயமும் கணக்கெடுப்பிலே தனிக் கட்டமும் வேண்டும். அப்படிச் செய்தால் முதல் ஆண்டிலே புகார்களின் எண்ணிக்கை ஏறும். ஏறட்டும்! எதிர்க்கட்சிகள் அதைக் காட்டி ஏசினால் ஏசட்டும். ஏறும் எண்ணிக்கை வெட்கத்துக்குரியதன்று. வெறும் ஏடுதான் வெட்கத்துக்குரியது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டிலே, தெரு முனைப் பள்ளியிலே, ஊர்க் கோடி விடுதியிலே காரணம் தெரியாத அலறல் கேட்டால், அது அப்படித்தான் என்று கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். சட்டம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது, சென்று சொல்லுங்கள். இனி எந்த அதிகாரியாவது "புகார் வரவில்லை" என்று சொன்னால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வருவதற்கு என்ன வழி செய்து வைத்தீர்கள்?"